ஆர்ப்வாவில் ஆறு நாள்

பல வருடங்களுக்கு முன் வேலை விஷயமாக முதல்முறை பிரான்ஸ் போயிருந்தேன். ஒரு சிற்றூரின் மருந்துக்கடைக்குள் நுழைந்து, தலைவலி மாத்திரை இருக்கிறதா என்று நேராகக் கேட்டேன். ப்ளஸ் டூவில் மதிப்பெண்ணுக்காக எடுத்துப் படித்த பிரெஞ்சுதான், ஆனால் வாக்கியத்தில் பிழை இல்லை. கடைக்கார அம்மாள் என்னை நிமிர்ந்து பார்த்து, நிதானமாக, "போன்ஜூர், மெஸ்யூ" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. "போன்ஜூர், மதாம்" என்றேன். உடனே முகம் மலர்ந்தது, மாத்திரை வந்தது, வெயிலில் அலையாதீர்கள் என்ற அறிவுரையும் கூடவே வந்தது.

போன செப்டம்பரில் அம்மாவை அழைத்துக்கொண்டு போகும்போது விமானத்தில் இந்தக் கதையைச் சொன்னேன். அம்மாவுக்கு இதில் ஆச்சரியமே இல்லை. "பின்னே? கடைக்குள்ள போனா ஒரு வார்த்தை நல்லா இருக்கீங்களான்னு கேக்காம, எடுத்த எடுப்புல சாமானா கேப்பாங்க?" என்றார். எழுபத்திரண்டு வருடமாகக் காரமடையில் இருப்பவர். பிரான்சைப் பற்றி நான் பத்து வருடத்தில் கற்றுக்கொண்டதை, அவர் அங்கே இறங்குவதற்கு முன்பே தெரிந்து வைத்திருந்தார்.

பாரிசில் நாங்கள் ரயில் மாறியதோடு சரி. ஊரில் எல்லோரும் கேட்டார்கள், அவ்வளவு தூரம் போய்விட்டு ஈஃபில் கோபுரம் பார்க்காமலா வருவீர்கள் என்று. எனக்குப் பிரெஞ்சு பேசும் நாடுகளில் பிடித்தது சிற்றூர்கள்தான். பிரான்சின் கிழக்கு ஓரத்தில் சுவிட்சர்லாந்து எல்லையை ஒட்டி ஜூரா என்ற மலைப்பகுதி இருக்கிறது. அங்கே ஆர்ப்வா என்று ஓர் ஊர், மூவாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஊர். அங்கே போக எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

முஷார் என்ற நிலையத்தில் அதிவேக ரயிலிலிருந்து இறங்கிச் சின்ன ரயிலுக்கு மாறினால் சில நிமிடங்களில் ஆர்ப்வா. நிலையம் ஊருக்கு வெளியே இருக்கிறது. பெட்டியை உருட்டிக்கொண்டு திராட்சைத் தோட்டங்களைப் பார்த்தபடி இறங்கி நடந்தோம். ஊர் ஒரு கிண்ணத்தின் அடியில் இருப்பதுபோல் இருந்தது. மூன்று பக்கமும் திராட்சைச் சரிவுகள், அவற்றுக்கு மேலே வெளிறிய சுண்ணாம்புப் பாறைச் சுவர். இந்தப் பாறை மேடையைத் தண்ணீர் அரித்து அரித்து, முன்னால் வழியில்லாமல் சட்டென்று முடிந்துவிடும் பள்ளத்தாக்குகளை உண்டாக்கியிருக்கிறது. உள்ளூர்க்காரர்கள் அவற்றை ரெக்யூலே என்கிறார்கள். அப்படி ஒரு பள்ளத்தாக்கின் பாறைக்கடியிலிருந்து பிறந்து வரும் குயிசான்ஸ் என்ற சிற்றாறு, வீடுகளின் முதுகை உரசிக்கொண்டு ஊருக்கு நடுவே ஓடுகிறது. ஊருக்குள்ளேயே ஓர் இடத்தில் சின்ன அருவியாக விழுகிறது. இரவு முழுவதும் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

நாங்கள் தங்கிய வீட்டின் கூடத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு பழைய கடிகாரம் நின்றது. கோம்துவாஸ் கடிகாரம் என்பார்கள். இந்த ஜூரா மலைக் கிராமங்களில் குளிர்காலத்தில் வேறு வேலை இல்லாத விவசாயக் குடும்பங்கள் செய்து பழகிய பொருள் அது. முதல் இரவு பத்து மணி அடித்தது. இரண்டு நிமிடம் கழித்து மறுபடியும் பத்து அடித்தது. அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டார். "கண்ணு, கெடிகாரம் கெட்டுப்போச்சாட்ட இருக்குது." காலையில் வீட்டுக்கார அம்மாளிடம் கேட்டேன். அந்தக் கடிகாரங்களே அப்படித்தானாம். முதல் தடவை எண்ணத் தவறியவர்களுக்காக இரண்டாம் தடவை அடிக்குமாம். அம்மாவுக்கு அதைக் கேட்டதிலிருந்து அந்தக் கடிகாரத்தின்மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது.

பன்னிரண்டு மணி ஆனால் ஊர் கதவைச் சாத்திக்கொள்ளும். மருந்துக்கடை, இரும்புச் சாமான் கடை, தபால் நிலையம் எல்லாமே. இரண்டு மணிக்கு மேல்தான் மறுபடி திறக்கும். ஞாயிறு மதியத்துக்குப் பிறகு ஒன்றும் கிடையாது, திங்கட்கிழமையும் பாதிக் கடைகள் இல்லை. பயணிகள் பலர் இதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கு இதுதான் அந்த ஊர்களின் உயிர். அந்த இரண்டு மணி நேரம் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். தெருவில் நடந்தால் பாதி திறந்த சன்னல் கதவுகளுக்குப் பின்னால் தட்டு, கரண்டிச் சத்தம் கேட்கும். கடைக்காரர், தச்சர், வங்கி ஊழியர் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே காரியத்தைச் செய்யும் ஊரில் ஓர் அமைதி வரும். அது பெரிய நகரங்களில் விலை கொடுத்தாலும் கிடைக்காது. நம்மிடம் கேட்பதெல்லாம், பதினொன்றரைக்கே ரொட்டி வாங்கி வைத்துக்கொள் என்பது மட்டும்தான். அம்மா முதல் நாளிலேயே பழகிக்கொண்டார். "நம்மூர்ல முன்ன மத்தியானம் கடையை இழுத்துச் சாத்தீட்டுப் போயி சாப்ட்டுட்டு, படுத்துத் தூங்கி எந்திரிச்சுத்தான வருவாங்க" என்றார். ஆமாம், என் சின்ன வயதில் அப்படித்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை சந்தை. அம்மா கையில் துணிப்பையோடு தயாராக நின்றார். தக்காளியைத் தொட்டுப் பார்க்கக் கூடாது, கடைக்காரர்தான் எடுத்துத் தருவார் என்று முன்பே சொல்லி வைத்திருந்தேன். அந்த ஒரு விதி மட்டும் அவருக்கு ஒப்பவில்லை. ஆனால் ஒவ்வொரு கடை முன்னும் நின்று "போன்ஜூர்ங்க" என்றார். அந்த 'ங்க'வை எவ்வளவு சொல்லியும் விடவில்லை. மரியாதை இல்லாமல் எப்படிப் பேசுவது என்பது அவர் கேள்வி. முட்டைக் கடைக்காரர் அதைக் கேட்டு அது உங்கள் ஊர் மொழியா என்று கேட்டார். விளக்கினேன். பெரியவர்களிடமும் புதியவர்களிடமும் நாங்களும் 'வூ' என்றுதானே சொல்கிறோம், 'து' என்று சொல்வதில்லையே என்றார் அவர். நீ, நீங்கள் என்ற வித்தியாசம் இருக்கும் மொழிக்காரர்களுக்குள் உடனே ஓர் ஒட்டுதல் வந்துவிடுகிறது.

எண்கள்தான் அம்மாவைக் குழப்பின. பிரான்சில் தொண்ணூற்றொன்பதைச் சொல்ல நான்கு இருபது, அதோடு பத்தொன்பது என்பார்கள். எல்லை தாண்டி சுவிட்சர்லாந்தின் பிரெஞ்சு ஊர்களுக்கோ பெல்ஜியத்துக்கோ போனால் தொண்ணூறுக்கு 'நோனான்த்' என்று நேரான ஒரு சொல் இருக்கிறது. அம்மா யோசித்துவிட்டு, "நாமளும் எம்பது வரைக்கும் ஒழுங்காச் சொல்லீட்டு, திடீர்னு தொண்ணூறுன்னு நூறக் கொண்டாந்துடறோமே" என்றார். பள்ளி இறுதிகூட முடிக்காதவர். நான் அதுவரை அதைக் கவனித்ததே இல்லை.

சந்தையில் பாலாடைக்கட்டி விற்ற பெண் எங்களைப் பக்கத்துக் கிராமத்துப் பால் கூட்டுறவுக்குப் போகச் சொன்னாள். அன்று மாலையே போனோம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஜூரா ஊர்களின் குணத்துக்கே இதுதான் வேர் என்று நினைக்கிறேன். இந்தப் பகுதியின் பாலாடைக்கட்டிக்குக் கோந்தே என்று பெயர். வண்டிச்சக்கரம்போல் பெரிய வட்டம், ஒன்று நாற்பது கிலோ வரும். அதைச் செய்ய ஏறத்தாழ 400 லிட்டர் பால் வேண்டும். நீண்ட குளிர்காலத்தைத் தாண்டி நிற்க வேண்டுமென்றால் கட்டி பெரிதாக இருக்க வேண்டும். ஆனால் நாலைந்து மாடு வைத்திருக்கும் குடும்பத்துக்கு அவ்வளவு பால் ஏது? அதனால் ஊரே பாலைச் சேர்த்து ஊற்றியது. இப்படி ஊற்றும் இடத்துக்கு ஃப்ருயித்தியேர் என்று பெயர். பல நூறு வருடங்களாக நடக்கிறது. இன்றும் கோந்தே அப்படித்தான் தயாராகிறது. சுற்றுவட்டாரத்துப் பால் மட்டும்தான், குறிப்பிட்ட இனத்து மாடுகள்தான். குறைந்தது நான்கு மாதம் மரப்பலகைமேல் முதிர வேண்டும், பல வட்டங்கள் ஒரு வருடத்துக்கு மேலும் முதிர்கின்றன.

நிலவறையில் வரிசை வரிசையாக மஞ்சள் வட்டங்கள். அம்மோனியா நெடி மூக்கைத் துளைத்தது. அம்மா பதினெட்டு வருடம் சொசைட்டிக்குப் பால் ஊற்றியவர். அங்கே நின்று என்னை மொழிபெயர்க்கச் சொல்லி அவர் கேட்ட கேள்விகள் வேறு எந்தப் பயணியும் கேட்டிருக்க மாட்டார்கள். பால் பணம் வாரத்துக்கு ஒருமுறையா, மாதத்துக்கு ஒருமுறையா? கொழுப்பு பார்த்துத்தான் விலையா? தண்ணீர் கலந்தால் என்ன செய்வார்கள்? அங்கிருந்த பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டார். கடைசிக் கேள்விக்கு, முன்காலத்தில் அப்படிச் செய்தவனை ஊரே மறக்காது என்றார். "எங்கூர்லயும் அப்படித்தான்னு சொல்லு" என்றார் அம்மா.

இந்த ஊரின் இன்னொரு பெருமை திராட்சை மது. 1936ல் பிரான்சில் இன்ன ஊர்ச் சரக்கு என்று சட்டப்படி முத்திரை கொடுக்கத் தொடங்கியபோது முதல் வரிசையிலேயே இடம்பெற்ற பெயர்களில் ஆர்ப்வாவும் ஒன்று. வேன் ஜோன் என்ற மஞ்சள் மதுவைப் பீப்பாயில் ஊற்றி ஆறு வருடம் மூன்று மாதம் தொடாமல் வைக்கிறார்கள். ஆவியாகிக் குறைவதை நிரப்புவதில்லை. மேலே ஈஸ்ட் படர்ந்து ஓர் ஆடைபோல் மூடிக் காக்கிறது. ஒரு லிட்டரில் கடைசியில் மிஞ்சுவது 62 சென்டிலிட்டர் என்று கணக்குச் சொல்லி, புட்டியையும் அதே அளவில் செய்கிறார்கள். நான் ஒரு வாய் சுவைத்தேன், வாதுமைக் கொட்டையின் வாசம். அம்மா தண்ணீர் குடித்தார்.

சனிக்கிழமை வீட்டுக்கார அம்மாள் தன் காரிலேயே எங்களைச் சலேன்-லே-பேன் என்ற பக்கத்து ஊருக்குக் கொண்டுபோய் விட்டார். குறுகிய பள்ளத்தாக்கில் நெருக்கிக் கட்டிய உப்பு ஊர். நிலத்துக்கடியிலிருந்து உப்புநீரை இறைத்து, பெரிய வாணலிகளில் காய்ச்சி, 1962 வரை உப்பெடுத்திருக்கிறார்கள். சுற்றியிருந்த காடு தீர்ந்துகொண்டே வந்ததும், விறகை இங்கே சுமப்பதைவிடத் தண்ணீரை அங்கே அனுப்புவது எளிது என்று 18ஆம் நூற்றாண்டில் 21 கிலோமீட்டருக்கு மரக்குழாய் பதித்து, ஆர்க்-ஏ-செனான் என்ற இடத்தில் புதிதாக உப்பாலை கட்டினார்கள். நிலவறை வளைவுகளின் கீழே நடந்தபோது மன்னர் காலத்து உப்பு வரியைப் பற்றிச் சொன்னார்கள். வேதாரண்யம் நினைவுக்கு வராமல் ஒரு தமிழன் அங்கே நடக்க முடியாது. ஊருக்கு மேலே மோன் பூப்பே என்ற குன்று தெரிந்தது. அதைப் பார்க்கவும்தான் நான் அங்கே போனேன்.

ஞாயிறு காலையில் ஆர்ப்வாவில் பியூ. செப்டம்பர் முதல் ஞாயிறு நடக்கும் அறுவடைச் சடங்கு அது. தோட்டக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகக் கொடுத்த திராட்சைக் கொத்துகளையெல்லாம் ஒரு சட்டத்தில் கட்டி, ஆள் பருமனுக்கு ஒரே கொத்தாக்கி, நான்கு பேர் கழியில் கோர்த்துத் தோளில் சுமந்து தேவாலயத்துக்குக் கொண்டுபோகிறார்கள். கானான் தேசத்தை வேவு பார்க்கப் போனவர்கள் ஒரு குலையைக் கழியில் கட்டிச் சுமந்து வந்ததாக பைபிளில் வரும் காட்சிதான் மூலம். பட்டாசு இல்லை, ஒலிபெருக்கி இல்லை. ஊர்ச் சபைக்காரர்கள், பிள்ளைகள், நாய்கள் எல்லோரும் கொத்தின் பின்னால் நடந்தார்கள். சேன் ஜூஸ்த் தேவாலயத்துக்குள் அதைக் கயிற்றில் மேலே ஏற்றித் தொங்கவிட்டார்கள். முதல் விளைச்சல் சாமிக்கு. அம்மா செருப்பை வாசலில் கழற்றப் போனார். வேண்டாம் என்றேன். உள்ளே அரங்கநாதருக்குக் கும்பிடுவதுபோலவே கும்பிட்டார்.

வெளியே வந்ததும் போர் நினைவுத்தூணைப் பார்த்தோம். பிரான்சில் எவ்வளவு சின்ன ஊரானாலும் இது இருக்கும். 1914 முதல் 1918 வரை செத்தவர்களின் பெயர்கள். ஒரே குடும்பப் பெயர் அடுத்தடுத்து இரண்டு, மூன்று முறை வரும். அம்மாவுக்கு எழுத்து புரியாது. ஆனால் ஒரே மாதிரி எழுத்து அடுத்தடுத்த வரிகளில் வருவதை விரலால் தொட்டுக் காட்டி, "அண்ணன் தம்பிகளா?" என்று கேட்டார். ஆமாம், இருக்கலாம் என்றேன். இதனால்தான் சொல்கிறேன், அழகான கிராமம் என்று பட்டியலில் பார்த்துவிட்டு, பேருந்தில் வந்து இறங்கி, இரண்டு மணி நேரத்தில் படமெடுத்துக்கொண்டு போவது ஒரு ஊரைப் பார்த்ததாகாது. நான்கு இரவாவது இருக்க வேண்டும். அதில் ஒரு சந்தை நாள், ஒரு ஞாயிறு, எதுவுமே திறக்காத ஒரு திங்கள் இருக்க வேண்டும். எங்கள் திங்கட்கிழமை முழுவதும் பாலத்துச் சுவரில் உட்கார்ந்து ஆற்றைப் பார்த்ததில் போயிற்று. போவோர் வருவோர் எல்லோரும் போன்ஜூர் சொன்னார்கள். சாயங்காலத்துக்கு மேல் அது 'போன்ஸ்வார்' ஆனது.

சரி, இன்னொரு காரணத்துக்கு வருகிறேன். ஆற்றோரம் ஒரு வீடு இருக்கிறது. லூயி பாஸ்டரின் வீடு. 1822ல் அவர் பிறந்தது பக்கத்து நகரத்தில், அதன் பெயர் தமிழில் எழுதினால் தோல். அப்பாவும் தோல் பதனிடுபவர்தான். அந்தத் தொழிலுக்குத் தண்ணீர் வேண்டும். லூயி சிறுவனாக இருக்கும்போதே குடும்பம் ஆர்ப்வாவுக்கு வந்து இந்த ஆற்றங்கரையில் தங்கியது. பாரிசில் பெரிய மனிதரான பிறகும் கோடையில் அவர் இங்கே வந்துகொண்டே இருந்தார், வீட்டிலேயே ஓர் ஆய்வுக்கூடம் வைத்துக்கொண்டார். மது ஏன் கெட்டுப்போகிறது என்று ஆராய்ந்தது இங்கேதான். அதிலிருந்துதான் நம் பால் பாக்கெட்டில் அவர் பெயரில் ஒரு சொல் இருக்கிறது.

1860ல் அவர் சத்துநீர் நிரப்பி மூடிய குடுவைகளை எடுத்துக்கொண்டு, ஆர்ப்வா பக்கத்து வயல்வெளியில் இருபது, மோன் பூப்பே உச்சியில் இருபது, ஆல்ப்ஸ் பனியாற்றருகே இருபது என்று திறந்து மூடினார். ஊர்ப்பக்கம் எட்டு குடுவைகள் கெட்டன. குன்றில் ஐந்து, பனியில் ஒன்று. உயிர் தானாகத் தோன்றுவதில்லை, காற்றுத் தூசியோடு வருகிறது என்று காட்ட இவ்வளவு எளிமையான வழி. சனிக்கிழமை அந்தக் குன்றைப் பார்த்தபோது, கண்ணாடிக் குடுவைகளைச் சுமந்துகொண்டு ஒருவர் அதில் ஏறுவதை நினைத்துக்கொண்டேன்.

வழிகாட்டிய இளம்பெண் அறை அறையாகக் கூட்டிப் போனாள். முதல் மகள் ஜான் ஒன்பது வயதில் டைபாய்டில் இறந்தது இந்த ஊரில்தான், 1859ல். ஐந்து பிள்ளைகளில் மூன்று சிறுவயதிலேயே போயின. இதை மொழிபெயர்த்தபோது அம்மா கட்டிலை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அந்தப் பெண் ஓநாய்க் கதையைச் சொன்னாள். 1831ல் வெறிபிடித்த ஓநாய் ஒன்று இந்தப் பகுதியில் பலரைக் கடித்தது. கடிபட்டவர்களைக் கொல்லனின் உலைக்குக் கொண்டுபோய், பழுக்கக் காய்ச்சிய இரும்பால் காயத்தைச் சுட்டார்கள். அதை எட்டு வயது லூயி பார்த்தான் என்று சொல்லப்படுகிறது. ஐம்பத்துநான்கு வருடம் கழித்து, 1885 ஜூலையில், அவருடைய தடுப்பு மருந்து முதலில் ஓர் அல்சாஸ் சிறுவனுக்குப் போடப்பட்டது. அக்டோபரில் இரண்டாவதாகப் போட்டுக்கொண்டவன் ஜூப்பீய் என்ற பதினைந்து வயது ஆட்டிடையன். ஆர்ப்வாவிலிருந்து தூரமில்லாத வில்லேர்-ஃபர்லே கிராமத்தவன். சின்னப் பிள்ளைகளைக் கடிக்க வந்த வெறிநாயை மடக்கிப் பிடித்து, அதன் வாயைச் சாட்டையால் கட்டி, மரச்செருப்பால் அடித்துக் கொன்றவன். அவனும் பிழைத்தான்.

"நீ உன்ற கதையச் சொல்லு" என்று அம்மா என் கையைத் தட்டினார்.

சொன்னேன். 1984ல், எனக்கு ஏழு வயது. பள்ளியிலிருந்து வரும் வழியில் தெருநாய் கெண்டைக்காலில் கடித்தது. நாய் மூன்றாம் நாள் செத்துப்போனது. அம்மா தினமும் என்னைத் தூக்கிக்கொண்டு பேருந்தேறி ஆஸ்பத்திரிக்குப் போனார். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு நாள், பதினான்கு ஊசி. மருந்து குன்னூரிலிருந்து வருகிறது என்பார்கள். 1907ல் அங்கே தொடங்கிய பாஸ்டர் நிலையம் எங்கள் வீட்டு மாடியிலிருந்து தெரியும் மலையில்தான் இருக்கிறது. அந்தக் காலத்து மருந்து ஆட்டு மூளையிலிருந்து எடுத்தது, வலி அதிகம், ஆபத்தும் உண்டு. 2004ல் இந்தியாவில் அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது கையில் நாலைந்து ஊசியோடு முடிகிறது. பாஸ்டர் யாரென்று தெரிவதற்கு முன்பே எனக்கு அந்தப் பெயர் தெரியும். ஆஸ்பத்திரித் திண்ணையில் அம்மா சொல்வார், அந்த வெள்ளைக்காரத் தாத்தா கொடுத்த மருந்து, அழக் கூடாது என்று.

அந்தப் பெண் பாதியிலேயே தன் அட்டையை மேசைமேல் வைத்துவிட்டாள். குழுவிலிருந்த மற்றவர்களும் பேசவில்லை. அம்மாவிடம் வந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

வெளியே போகும் முன் வருகையாளர் நோட்டில் அம்மா நின்றபடியே எழுதினார். வெகுநேரம் எழுதினார். என்ன எழுதியிருக்கிறார் என்று அந்தப் பெண் கேட்டாள். நான் வாங்கிப் படித்தேன்.

"போன்ஜூர்ங்க. நாங்கள் காரமடையிலிருந்து வந்தோம். என்ற பையனுக்குப் பதினாலு ஊசி போட்டோம். நல்லா இருக்கான். கூட வந்திருக்கான்."